'ஆல் தட் ஹெவன் அலவ்ஸ்' (1955): முகமெல்லாம் நீலமாகத் தெரிகிறதே?

கேள்வி: டக்ளஸ் சர்க் படம். கணவனை இழந்த கேரி, தன்னைவிட இளைய தோட்டக்காரர் ரானைக் காதலிக்கிறாள். இரவுக் காட்சிகளில் ஜன்னலோரம் முகங்கள் அப்படியே நீலம். டிவி கோளாறா, படமே அப்படியா?

பதில் 1: பாதிக்குப் பாதி. ஒளிப்பதிவாளர் ரஸ்ஸல் மெட்டி வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் நீலமும் விளக்கடியில் ஆரஞ்சும் வைத்தார். கேரியின் மகள் கே அழும் காட்சியில் ஜன்னல் வழியே வானவில் நிறமே விழும். ஆனால் டிவி 'விவிட்' மோடில் இருந்தால் வெள்ளையே நீலம் அடிக்கும், தோல் நிறம் போச்சு. 'சினிமா' மோட், கலர் டெம்பரேச்சர் 'வார்ம்' வையுங்கள். மோஷன் ஸ்மூத்திங்கை (அசைவை டிவியே வழவழப்பாக்கும் வசதி) அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சீரியல் மாதிரி இருக்கும்.

பதில் 2: அறை விளக்கையும் அணையுங்கள். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் தரும் டிவியின் அணைந்த திரையில் கேரியின் முகம் தெரியும். உங்கள் திரையில் விளக்கு வெளிச்சம் பட்டால் அந்த ஷாட் வீணாகிவிடும்.

பதில் 3: வயசு மட்டும் பிரச்சினை இல்லைங்க. கேரியாக நடித்த ஜேன் வைமன் பிறந்தது 1917, ரானாக நடித்த ராக் ஹட்சன் 1925, எட்டே வருஷம்தான். ஊர் வாய்க்கு அவல், ரான் மரம் வெட்டிவிட வந்த ஆள் என்பதுதான்.