வெளியே உறைபனி, பாய்லர் திரையில் 14 டிகிரி: உங்களுக்கும் நடந்திருக்கா?

உறைபனி_வாசல்:
போன குளிர்காலத்துக் கதை, இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு. கார் கண்ணாடியில பனியைச் சுரண்டிட்டு உள்ளே வர்றேன், வீட்டைச் சூடாக்குற பாய்லரோட திரையில வெளி வெப்பநிலை 14. அறையைச் சூடாக்குற ரேடியேட்டரைத் தொட்டா ஜில்லுனு இருக்கு. பாய்லரைக் குறை சொல்லி என்ன பண்ண, வெளியே 14னு ஒருத்தன் சொன்னா அது ஏன் தண்ணியைச் சூடாக்கப் போகுது? வெளிச் சுவர்ல இருந்து வெப்பநிலையை அளந்து பாய்லருக்குச் சொல்ற அந்த சென்சாரை மாத்தினேன். புதுசு 12 காட்டுச்சு. கடுப்புல இன்னொண்ணு வாங்கினேன், அதுவும் 12.

மூணாம் நாள் ராத்திரி டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு சென்சார் டப்பா மூடியைக் கழட்டுறேன். விரல்ல இதமா ஒரு காத்து படுது. யாரோ பக்கத்துல நின்னு மூச்சு விடுற மாதிரி. வயர் வர்ற ஓட்டையிலிருந்து! வீட்டுக்குள்ள இருக்கிற சூடு குழாய் வழியா வந்து சென்சார் முதுகில நேரா ஊதிக்கிட்டிருக்கு. கொஞ்சம் சிலிக்கான் வச்சு அடைச்சேன். அரை மணி நேரத்துல மைனஸ் 3.

பழைய_பாய்லர்:
எனக்கு நேர் எதிர். திரையில மைனஸ் 40. ராத்திரி முழுக்க வீடு அடுப்பு மாதிரி கொதிச்சுது. பையன் போர்வையை உதறிட்டு, தரை ஓட்டுல கன்னத்தை ஒட்ட வச்சுத் தூங்கினது இன்னும் கண்ணுல நிக்குது. டெர்மினல்ல ஒரு வயர் கழண்டிருந்துச்சு, அவ்வளவுதான். திருகினேன், சரியாச்சு.

ஓம்மீட்டர்:
முதல் பதிவு போட்டவரே, தப்பா நினைக்காதீங்க, மல்ட்டிமீட்டர் (மின்தடை அளக்கிற கருவி) இருந்தா ரெண்டு சென்சார் காசு மிச்சம். எங்க வீட்டுல மழை பெஞ்சா மட்டும் தப்பாக் காட்டும். டப்பாவுக்குள்ள தண்ணி, செம்பு பச்சைப் பச்சையாப் பூத்திருந்துச்சு.

எல்லாருக்கும் சொல்றேன். முதல்ல மின்சாரத்தை நிறுத்துங்க. சென்சார் வயரை பாய்லர் பக்கம் கழட்டி ஓம், அதாவது மின்தடை, அளங்க. 10 கிலோஓம் என்டிசி வகைன்னா 25 டிகிரியில 10 கிலோஓம், 0 டிகிரியில 32, 33 கிட்ட. குளிர் ஏற ஏற ஓம் ஏறும். அதனாலதான் வயர் அறுந்தா கடுங்குளிர்னு படிக்கும், ரெண்டு வயரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டினா கடும் வெயில்னு படிக்கும். தண்ணி புகுந்தா கசிவுல ஓம் குறையும், இல்லாத சூட்டைக் காட்டும். பிறகு சென்சார் கிட்டயே அளங்க. ரெண்டு அளவும் ஒத்து வரலைன்னா கோளாறு வயர்ல. சந்தேகம்னா சென்சாரை பிளாஸ்டிக் பையில போட்டு, ஐஸ் கரையுற தண்ணியில முக்கிப் பாருங்க, அது 0 டிகிரி. பிடி1000னு இன்னொரு வகை சென்சாருக்கு ஓம் கணக்கு தலைகீழ், சூடு ஏற ஏற ஓம் ஏறும்: 0 டிகிரியில 1000 ஓம், 20 டிகிரியில 1078. கையேட்டுல எந்த வகைன்னு பார்க்காம அளந்து புலம்பாதீங்க. அந்த வயரை கரண்ட் வயரோட சேர்த்துக் கட்டவும் கட்டாதீங்க, அளவு குதிக்கும்.

உறைபனி_வாசல்:
அண்ணே, மீட்டர் வச்சுப் பார்த்தேன். 18 கிலோஓம். அட்டவணைப்படி 12 டிகிரி. மீட்டர் மேலேயே சந்தேகப்பட்டுத்தான் இன்னொரு சென்சார் வாங்கினேன். சென்சார் சரி, வயர் சரி, அந்த டப்பாவுக்குள்ள நிஜமாவே 12 டிகிரிதான் இருந்திருக்கு! நீங்க சொன்னதெல்லாம் செஞ்சிருந்தாலும் அந்த ஓட்டை சிக்கியிருக்காது.

ஓம்மீட்டர்:
அதைத்தான் நானும் சொல்றேன். சென்சார் நல்லா இருக்குன்னு மீட்டர் சொல்லிடுச்சே, பிறகு எதுக்கு இன்னொண்ணு?

கம்பளிப்பூச்சி:
உங்க சண்டைக்கு நடுவுல என் கதை. தினமும் காலையில ஒன்பதுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் ஹீட்டிங் நின்னுடும். வெளியே 2 டிகிரி, திரையில 24. கோடைக்காலம் வந்துடுச்சுன்னு அது பாட்டுக்குத் தூங்கப் போயிடும். நான் வெளியே ஏணியில நின்னு சென்சாருக்கு மேல ஒரு அட்டையைப் பிடிச்சேன். வீட்டுக்காரி ஜன்னல் வழியா "24... 21... 17..."னு கத்திக்கிட்டே இருந்தா. அப்பதான் உறைச்சுது, பக்கத்து வீட்டுக்காரர் மரத்தை வெட்டினதுலேர்ந்து அந்தச் சுவர்ல காலை வெயில் நேரா விழுது. நிழல்ல இருக்கிற சுவருக்குத்தான் மாத்தணும், தெரியும். இப்போதைக்கு அட்டையை ஆணி அடிச்சு வச்சிருக்கேன்.

ஓம்மீட்டர்:
அட்டை முதல் மழைக்கே ஊறிடும்.

கம்பளிப்பூச்சி:
ஊறிடுச்சு. இப்ப ரெண்டாவது அட்டை.