கங்காணியைக் காணவில்லை

டிக்கோயாப் பக்கம், பாடசாலை ஆசிரியை:

எங்கள் வீட்டுப் பூனைக்கு, தேயிலைத் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணியின் பெயரை வைத்தவர் அப்பா. 2009 ஆம் ஆண்டு, மாரியம்மன் திருவிழா நேரம், விறகு அடுக்கில் பிறந்த மூன்று குட்டிகளில் அது மட்டும்தான் மிஞ்சியது. நடை பழகிய சில வாரங்களிலேயே வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு, வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல்வரை ஒவ்வொரு வாசலிலும் நின்று பார்த்துவிட்டு வரும். "வேலை ஒன்றும் கிடையாது, மேற்பார்வை மட்டும் உண்டு. இது கங்காணியேதான்" என்றார் அப்பா. அவர் 2017 இல் போய்விட்டார். பூனை அவருடைய கம்பளியில் படுத்துக்கொண்டு இருந்தது.

கடைசி ஒன்றரை வருடத்தில் அதற்கு வயது தெரிய ஆரம்பித்தது. ஜன்னல் திட்டுக்குத் தாவுவதற்கு முன் கீழே உட்கார்ந்து உயரத்தை அளக்கும். சில நாள் தாவும். சில நாள், வேறு ஏதோ வேலை நினைவுக்கு வந்ததைப் போல எழுந்து போய்விடும். முதுகின் பின்பக்கம் நாக்கு எட்டாமல் மயிர் திரிதிரியாகச் சடைபிடித்தது. அம்மா சீப்பை எடுத்தால் உறுமும். பீலிக்கரைத் தொட்டியின் விளிம்பில் குனிந்து நிமிடக்கணக்கில் தண்ணீர் குடிக்கும். மரக்கறிக் கூடையில் போட்டு, மேலே சாக்குக் கட்டி, இரண்டு பஸ் மாறிப் பேராதனை மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோனேன். சிறுநீரகம் என்றார்கள். வயதான பூனைகளுக்கு அது சாதாரணமாம். சிறுநீரைச் செறிவாக்கும் சக்தி குறைவதால் நீர் அதிகமாக வெளியேறுகிறது, அதை ஈடுகட்டத்தான் இவ்வளவு குடிக்கிறது. குணமாகாது, சாப்பாட்டைக் கவனித்தால் கொஞ்சக் காலம் ஓட்டலாம். வலிக்கிறதே என்று பனடோல் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது நஞ்சு என்று அந்த இளம் டொக்டர் இரண்டு தடவை சொன்னார். அம்மாவிடம் அதைச் சொன்னபோது அவருடைய முகம் ஒரு மாதிரிப் போனது. நல்லவேளை, நினைத்ததோடு நிறுத்தியிருந்தார்.

ஜூன் மாதம், தென்மேற்கு மழை பிடித்துக்கொண்ட மூன்றாவது நாள். சாயங்காலம் கதவைப் பிறாண்டியது. வெளியே விட்டேன். அது எப்போதும் வெளியே திரிந்த பூனை, மணல் தட்டெல்லாம் பழக்கமில்லை. ஒதுங்கிவிட்டு ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். அன்று மின்சாரம் போயிருந்தது, காற்று தகரத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தது, நான் கதவைச் சாத்தினேன். கதவை மறுபடி பிறாண்டியதா? கேட்கவில்லை. கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

விடிய அம்மா பார்த்தபோது இஸ்தோப்புத் திண்ணையில் நீல விளிம்புப் பீங்கான் தட்டில் வைத்த சோறும் கருவாடும் அப்படியே இருந்தன. எறும்பு கூட அந்த மழையில் வரவில்லை.

ஐந்து நாள் தேடினோம். வீட்டுக்குப் பின்னாலுள்ள கான், விறகு மடுவம், பிள்ளைமடுவத்தின் அடிப்பக்கம், கோயில் மடப்பள்ளி, உர ஸ்டோர். காலில் அட்டை ஏறி ஏறி, வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது. 2018 இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் படித்தேன். தொலைந்து பின்னர் கிடைத்த பூனைகளில் நான்கில் மூன்று பங்கு 500 மீற்றருக்குள்தான் அகப்பட்டிருக்கின்றன, கூப்பிட்டுக்கொண்டு நடந்து தேடுவதுதான் அதிகம் பலித்திருக்கிறது என்று எழுதியிருந்தது. அது தட்டை நிலத்துக் கணக்கு. எங்கள் வீட்டிலிருந்து 500 மீற்றர் என்றால் மேலே இரண்டு மலை, கீழே ஒரு ஓடை, நடுவில் இடுப்பளவு தேயிலை. ஒவ்வொரு செடிக்கும் அடியில் ஒரு பூனை சுருண்டு படுக்க இடமிருக்கிறது. டோர்ச் அடித்தால் கண் மின்னும் என்றார்கள். அடித்தேன். மின்னியதெல்லாம் மழைத்துளி.

லயத்தில் ஆளுக்கொரு முடிவு சொன்னார்கள். சிறுத்தை தூக்கியிருக்கும் என்றார் பக்கத்து வீட்டு மாமா. பூனை தன் சாவை வீட்டாருக்குக் காட்டாது, மரியாதையாக ஒதுங்கிவிடும் என்றார் கோடி வீட்டுப் பாட்டி. அம்மா அதைத்தான் பிடித்துக்கொண்டார். நான் பேராதனைக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். நோயுற்ற பிராணி ஒளிந்துகொள்வது பலவீனத்தில் பாதுகாப்புத் தேடித்தான், சாகத் திட்டமிட்டு அல்ல என்றார்கள். அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். மரியாதையாகப் போனது என்றால் எங்களை விட்டுப் போனது. பாதுகாப்புத் தேடியது என்றால், ஐம்பது அடிக்குள் கிடந்திருக்கும், நான் கூப்பிட்டதும் அதற்குக் கேட்டிருக்கும்.

பிள்ளைகளின் படத்தைக் கையில் ஏந்தித் தாய்மார் வருடக்கணக்காகத் தெருவோரம் உட்கார்ந்திருக்கும் நாடு இது. பூனைக்காக அழுகிறேன் என்று சொல்ல நாக்குக் கூசுகிறது. பாடசாலையில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அம்மா இன்னும் கதவின் கீழ்ப்பலகையை ஒரு சாண் கழற்றி வைத்திருக்கிறார். இரவில் அந்த வழியாக வரும் குளிரில் தம்பிக்கு இருமல். கதவை மூடு என்று அவன், மூடினால் எப்படி வரும் என்று அம்மா. நடுவில் நான். உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் எழுதுங்கள். ஆறுதல் வேண்டாம், என்ன செய்தீர்கள் என்று எழுதினால் போதும்.

மஸ்கெலியாவிலிருந்து, ஸ்டோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்:

மகள், சிறுத்தைமேல் பழி போடுவதற்கு முன் ஒன்று சொல்கிறேன். அது நாயையும் பூனையையும் தூக்குவது உண்மை. எங்கள் தோட்டத்தில் நாய்கள் போயிருக்கின்றன. ஆனால் எங்கள் பக்கம் பூனைகள் காணாமல் போவதற்கு நான் கண்ணால் கண்ட காரணம் சுருக்குக் கம்பி. பன்றிக்கென்று மரக்கறித் தோட்ட ஓரத்திலும் காட்டு விளிம்பிலும் கட்டுகிறார்கள். கம்பிக்குப் பன்றி எது பூனை எது என்று தெரியுமா? 2020 மே மாதம் நல்லதண்ணியில் அப்படி ஒரு கம்பியில் கருஞ்சிறுத்தை சிக்கியது நினைவிருக்கும். சிகிச்சைக்கு உடவலவைக்குக் கொண்டுபோயும் சில நாட்களில் செத்துப்போனது. கறுப்பில் ஒன்று இருக்கிறது என்று நாடே சந்தோஷப்பட்டு ஆறு மாதம் கூட ஆகியிருக்காது.

என் சாம்பல் பூனை, பன்னிரண்டு வயது, ஒன்பதாம் நாள் இடுப்பில் கம்பியோடு வந்தது. கம்பியைக் கடித்து அறுக்க முடியாது, கட்டியிருந்த குச்சியைத்தான் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. வந்து, வழக்கமாகப் படுக்கும் சாக்கில் படுத்து, அன்றிரவே இறந்துவிட்டது. காட்டு ஓரமாகப் போய்ப் பாருங்கள். பகலில், இரண்டு பேராகப் போங்கள். கம்பி கிடைத்தால் தொடாமல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். இந்த விஷயத்தில் நான் நேரம் காலம் பார்க்காமல் சண்டை பிடிப்பவன், வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

பண்டாரவளையிலிருந்து:

டீச்சர், எங்களுடையது பதின்மூன்று வயது வெள்ளைக் கடுவன். பத்தொன்பது நாள் காணோம். படம் அச்சடித்துக் கடைகளில் ஒட்டினேன். அதைப் பார்த்துக் கீழே நாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சிங்கள ஆச்சி ஆளனுப்பினார். போனால், அவருடைய கட்டிலில் தலையணை வைத்துப் படுத்திருக்கிறது! அங்கே அதற்குச் சுதா என்று பெயர், சிங்களத்தில் வெள்ளையன். ஆறு வருடமாக மத்தியானச் சாப்பாடு அங்கேதானாம். நாங்கள்தான் இராச்சாப்பாட்டு வீடு. ஆச்சிக்குக் காய்ச்சல், தனியாக இருந்தார், அதனால் நின்றுவிட்டது போல. எனக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று இன்னும் தெரியாது. சுற்று வட்டாரத்தில் மற்ற வீடுகளையும் கேளுங்கள். வேறு பெயரில் கேட்க வேண்டியிருக்கலாம்.

இராகலையிலிருந்து:

எனக்கு நீளமாக எழுத வராது. எங்கள் பூனை தைப்பொங்கலுக்கு முதல்நாள் போனது. நான்கு மாதம் கழித்துக் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்துக்காகக் கத்தரித்து வெட்டும்போது என் கணவர்தான் கண்டார். வீட்டிலிருந்து எழுபது அடி இருக்கும். மூன்றாவது வரிசைச் செடிக்கு அடியில், படுக்கிற மாதிரியே சுருண்டு, எலும்பு மட்டும். கழுத்தில் நான் கட்டிய சிவப்பு நூல். அந்தப் பக்கமாகத்தான் நான் தினமும் தண்ணீருக்குப் போனேன்.

தெரிந்துகொண்டது நல்லதா என்று கேட்டால், அன்றைக்கு இல்லை. அடுத்த வாரத்திலிருந்து நல்லது. அதன் பிறகு இரவில் சத்தம் கேட்டால் எழும்புவதில்லை.

கோத்தகிரியிலிருந்து, முன்பு ஹட்டன்:

நான் இப்போது இந்தப் பக்கம், இந்தியாவில் நீலகிரியில் இருப்பவன். இருந்தாலும் என் பூனை அந்தப் பக்கத்துப் பூனை என்பதால் எழுதுகிறேன். தோட்டத் தமிழர் யார் எந்த நாட்டுக்கு என்று பிரித்த 1964 இலங்கை இந்திய ஒப்பந்தத்தில் எங்கள் குடும்பத்துக்கு இந்தியா என்று விழுந்தது. 1973 இல் புறப்பட்டோம். எனக்கு ஒன்பது வயது. பெட்டி கட்டுவதை மூன்று நாளாகப் பூனை பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் ஏறி உட்கார்ந்து பார்த்தது. கொண்டுபோகலாமா என்று கேட்டதற்கு அப்பா பதில் சொல்லவில்லை. காம்பராவைப் பூட்டிச் சாவியைக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினால், வாசற்படியில் உட்கார்ந்து, கதவு எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். எல்லோரும் மனிதர்களுக்காக அழுதார்கள். நானும் அழுதேன், யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. தலைமன்னார், கப்பல், ராமேஸ்வரம், பிறகு மலை. இங்கேயும் தேயிலைதான்.

டீச்சர், உங்கள் பூனை உங்களுக்குக் காணாமல் போனது. என் பூனைக்கு நாங்கள் காணாமல் போனோம். அது எத்தனை நாள் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தது என்று இந்த அறுபது வயதிலும் கணக்குப் போடுகிறேன். உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்: கதவு திறந்திருந்த வீட்டிலிருந்துதான் அவருடைய பூனை போனது. தம்பியின் இருமலுக்கு, அந்த ஒரு சாண் இடைவெளியில் கனமான சாக்குத் துண்டைத் தொங்கவிடலாம். பூனை தலையால் தள்ளிக்கொண்டு வரும், காற்று வராது. எங்கள் வீட்டில் இப்போதுள்ள பூனைக்கு அப்படித்தான் செய்திருக்கிறேன்.

டிக்கோயா, ஆசிரியை, மறுபடியும்:

எல்லோருக்கும் நன்றி. மஸ்கெலியா ஐயா சொன்னபடி தம்பியும் நானும் காட்டு ஓரம் முழுக்க நடந்தோம். இரண்டு கம்பிகள் கண்டோம், இரண்டிலும் ஒன்றுமில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாயிற்று. கீழ்க் கிராமத்திலும் வீடு வீடாகக் கேட்டேன். வேறு பெயரிலும் கங்காணி அங்கே இல்லை. ஒரு வீட்டில் தேநீர் கிடைத்தது, இன்னொரு வீட்டில் குட்டி ஒன்று வேண்டுமா என்று கேட்டார்கள். அம்மா வேண்டாம் என்றுவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. இடம் காலியானதும் ஆள் எடுக்க இது என்ன தோட்டத்து வேலையா?

சாக்குத் துணி தொங்கவிட்டாயிற்று. தம்பியின் இருமல் குறைந்திருக்கிறது. தட்டை மட்டும் அம்மா கழுவி, இஸ்தோப்பிலிருந்து எடுத்து, உள்ளே அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இராகலை அக்கா எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டத் தயங்கினேன். பிறகு வாசித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு முன் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்துக்குப் போயிருக்கிறார். வேலையிலிருந்து நின்று ஏழு வருடம் ஆகிறது. கொழுந்துக்காரப் பெண்கள், அக்கா மறுபடி பேர் பதிய வந்துவிட்டார் என்று கேலி செய்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு மேலேயுள்ள மலை அடுத்த மாதம் கவ்வாத்து. வெட்டும் ஆட்களிடம் ஒவ்வொருவராகச் சொன்னாராம்: மஞ்சள் வரி, வால் நுனி வெள்ளை, இடது காதில் ஒரு கிழிசல், செடிக்கு அடியில் எதைக் கண்டாலும் கத்தியை வைத்துவிட்டு ஆள் அனுப்புங்கள் என்று.

கங்காணி கையிலிருந்த புத்தகத்தில் அதைக் குறித்துக்கொண்டு, "பூனைக்குப் பெயர் என்ன?" என்று கேட்டிருக்கிறார்.

"பூனை என்றுதான் கூப்பிடுவோம்" என்று சொல்லிவிட்டு அம்மா திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாராம்.