முறிந்த கையோடு ஆடிய ஆலன் பிரெஸ்காட்: வீரமா, விதியின் குற்றமா?

வடக்குவாசல்:
1958 ஜூலை 5. பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான இரண்டாவது ரக்பி லீக் டெஸ்ட். ஆட்டம் தொடங்கிய நான்காவது நிமிடத்திலேயே பிரிட்டன் கேப்டன் ஆலன் பிரெஸ்காட்டின் வலது கை முறிந்துவிட்டது. மனிதர் வெளியே போகவில்லை. கை தொங்கிக்கொண்டிருக்க, கடைசி விசில் வரை இடது கையால் டேக்கிள் செய்தார், அதாவது பந்தோடு வரும் எதிரணியினரைப் பிடித்து மடக்கினார். பிரிட்டன் 25-18 என்று வென்றது. விளையாட்டில் இதைவிடப் பெரிய தலைமை எனக்குத் தெரியாது. யாராவது மறுப்பீர்களா?

கருங்குயில்:
நான் மறுக்கிறேன். அவருடைய துணிச்சலில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எலும்பு முறிந்தவரை மீதி ஆட்டம் முழுக்க மைதானத்தில் நிற்கவைத்ததைக் கொண்டாடக் கூடாது. அன்று மாற்று ஆட்டக்காரரை இறக்க விதியில் இடமே இல்லை. இங்கிலாந்தில் அந்த விதி தளர்ந்தது 1964-ல்தான், அதுவும் முதல் பாதியில் காயம்பட்டவர்களுக்கு மட்டும். அவருக்கு 31 வயது. அதற்கப்புறம் அவர் டெஸ்ட் ஆடவே இல்லை. அந்த வெற்றிக்கு விலை கொடுத்தவர் அவர்.

வடக்குவாசல்:
சரி, அன்றைய நிலைமையையும் பாருங்கள். சிட்னியில் முதல் டெஸ்ட்டை 25-8 என்று தோற்றிருந்தார்கள். இதையும் விட்டால் ஆஷஸ், அதாவது ஆஸ்திரேலியாவோடு ஆடும் இந்த மூன்று டெஸ்ட் தொடர், போயிற்று. முந்தைய வருடம்தான் அதே ஆஸ்திரேலியாவில் நடந்த உலகக் கோப்பையில், இவர் தலைமையில் போன அணி 31-6 என்று அடி வாங்கியது. அந்த வலி இருந்தவர் எப்படி வெளியே போவார்?

கருங்குயில்:
மூன்றாவது டெஸ்ட்டை அவர் இல்லாமலே 40-17 என்று வென்றார்களே! அவர் வெளியே போயிருந்தால் அணி நொறுங்கியிருக்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

முன்வரிசை:
கருங்குயில், மூன்றாவது டெஸ்ட்டில் பதின்மூன்று பேர் முழுசாக இறங்கினார்கள். பிரிஸ்பேன் கணக்கே வேறு. முதல் பாதியிலேயே பிரிட்டன் ஆட்டக்காரர் டேவ் போல்டனுக்குத் தோள் காறை எலும்பு முறிந்து வெளியேறிவிட்டார். அவர் இடத்தில் ஆட வின்ஸ் கராலியஸ் பின்வரிசைக்கு நகர்ந்தார். கராலியஸ் ஃபார்வர்ட், அதாவது ஸ்க்ரம்மில் தள்ளுபவர்களில் ஒருவர். ஸ்க்ரம் என்பது இரு அணி ஃபார்வர்டுகளும் பிணைந்து தள்ளிப் பந்துக்குப் போட்டியிடுவது. அப்படியானால் அங்கே தள்ள ஆறுக்கு ஐந்து பேர். பிரெஸ்காட் ப்ராப், அதாவது ஸ்க்ரம்மின் முன்வரிசையில், காலால் பந்தை இழுக்கும் ஹூக்கரைத் தாங்கி நிற்பவர். அவரும் போயிருந்தால் நான்கு. அந்தக் காலத்தில் டேக்கிளுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது; எத்தனை முறை மடக்கினாலும் பந்து அதே அணியிடம்தான். பந்து ஒரு முறை கை மாறினால் திரும்பக் கிடைக்க ஸ்க்ரம்மை விட்டால் பெரிதாக வழியில்லை. ஒரு கை முறிந்தாலும் அவர் உடம்பின் எடை அங்கே வேண்டியிருந்தது. பிரிட்டனின் 19 வயது அலெக்ஸ் மர்ஃபி அன்று ஓடியதற்கெல்லாம் பந்து முன்னால் இருந்தவர்களிடமிருந்துதான் வந்தது.

கருங்குயில்:
இந்தக் கணக்கை ஏற்கிறேன். அதனால்தான் என் கோபம் அவர் மேல் இல்லை, விதியின் மேல். அணிக்கு வேறு வழியே வைக்காத விதி அது. இடைவேளையில் மறுபடி இறங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் பாரம் காயம்பட்டவர் தலையிலேயே விழுந்தது. கேப்டன் வேறு. எப்படி 'முடியாது' என்று சொல்வார்?

வடக்குவாசல்:
சொல்லியிருக்கலாம். போல்டன் போனார், யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. பிரெஸ்காட் தானாகத்தான் நின்றார். அந்தத் தேர்வை அவரிடமிருந்து பறித்து, பாவம் என்று பார்ப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

முன்வரிசை:
எனக்கு இருவர் மேலும் ஒரு மனக்குறை உண்டு. பிரெஸ்காட் என்றாலே அந்த ஒரு மதியம்தானா? விட்னஸில் பிறந்து, ஹாலிஃபாக்ஸில் ஆடி, 1949-ல் செயின்ட் ஹெலன்ஸ் கிளப்புக்கு வந்தவர். அந்தக் கிளப் முதன்முதலாகச் சேலஞ்ச் கோப்பையை (ரக்பி லீக் கிளப்புகளின் நாக்அவுட் கோப்பை) வென்றது 1956-ல், வெம்பிளியில், அவர் தலைமையில். எதிரணி அவருடைய பழைய ஹாலிஃபாக்ஸ். 13-2. ஒரு ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்துப் பெறும் புள்ளிகள்) அவருடையது, ஆட்ட நாயகனுக்கான லான்ஸ் டாட் கோப்பையும் அவருக்கே. அப்புறம் கோச்சாக 1961-ல் விகனை 12-6 என்று வீழ்த்தி அதே கோப்பையை மறுபடி கொண்டுவந்தார். ப்ராப் ஒருவர் இறுதிப் போட்டியில் ட்ரை போட்டு ஆட்ட நாயகனாவது அபூர்வம். அந்த ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கருங்குயில்:
அதைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், நான் வருகிறேன். ஆனால் விதி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. 1964-ல் செய்ததை 1958-க்கு முன்பே செய்திருக்க முடியும். யாரும் செய்யவில்லை.