மூன்று சபைகள், ஒரே பணி: ‘நான்’ குறுக்கே வராமல் நடத்துவது எப்படி?

விளக்குத்தண்டு (கேள்வி)

இயேசுவுக்கே புகழ். எங்கள் பங்கில் (ஒரு கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகத்தில்) நோயாளிகளையும் தனித்து வாழும் முதியோரையும் சந்திக்கும் பணியை பொதுநிலையினர் அமைப்புகளான வின்சென்ட் தே பவுல் சபை, மரியாயின் சேனை, இளையோர் குழு மூன்றும் சேர்ந்து செய்வதாக ஏற்பாடு. கூட்டம் கூடினால் நோயாளிகளைப் பற்றிய பேச்சே வருவதில்லை. ஒருங்கிணைப்பாளர் எந்தச் சபை ஆள், திருப்பலி முடிவில் அறிவிப்பை யார் வாசிப்பது, சந்தித்த வீடுகளின் கணக்கு யாருடைய ஆண்டறிக்கையில் ஏறுவது என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. தாழ்ச்சி வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். கூட்டம் நடத்தும் முறையிலும் பொறுப்பைப் பிரிப்பதிலும் எதை மாற்றினால் இது குறையும்? அறிவுரை வேண்டாம், செய்முறை சொல்லுங்கள்.

நடுவிருக்கை

கூட்டத்திலிருந்து தொடங்குங்கள். உலக ஆயர் மாமன்றம் 2023 அக்டோபரில் வட்ட மேசைகளில் அமர்ந்து கையாண்ட ‘தூய ஆவியாரில் உரையாடல்’ முறை பங்கு அளவிலும் நன்றாகவே ஓடும். ஒரு வட்டத்துக்கு 6 முதல் 8 பேர். கேள்வியை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, செபித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

முதல் சுற்றில் ஒவ்வொருவருக்கும் 3 நிமிடம். யாரும் குறுக்கிடக் கூடாது, பதில் சொல்லவும் கூடாது. பிறகு 3 நிமிட மௌனம். இரண்டாம் சுற்றில் தன் கருத்தைத் தொடாமல், மற்றவர் சொன்னதில் தன்னைத் தொட்டதை மட்டும் சொல்ல வேண்டும். மறுபடி மௌனம். மூன்றாம் சுற்றில்தான் திறந்த பேச்சு: எதில் ஒத்துப்போகிறோம், எதில் இல்லை, அடுத்து என்ன செய்வது.

முறை உடைவது எப்போதும் இரண்டாம் சுற்றில்தான். ‘அவர் சொன்னது சரி, ஆனால் நான் முதலில் சொன்னதுபோல...’ என்று ஒருவர் ஆரம்பித்துவிட்டால், முழுக்க முதல் சுற்றின் வாதமே திரும்ப வரும். நெறியாளர் அங்கேயே நிறுத்த வேண்டும். அதனால் நெறியாளர் மூன்று சபைகளின் தலைவர்களில் ஒருவராக இருக்கக் கூடாது.

இன்னொன்று, பங்குத்தந்தை கடைசியில் பேசட்டும். அவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி. புனித பெனடிக்ட் துறவு மடங்களுக்கு எழுதிய ஒழுங்கு நூலில் 3ஆம் அதிகாரம், முக்கிய காரியங்களுக்கு எல்லாத் துறவிகளையும் அழைக்கச் சொல்கிறது. நல்லதை ஆண்டவர் பல நேரம் இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்பது அங்கே சொல்லப்படும் காரணம். உங்கள் இளையோர் குழுவிலிருந்து சுற்றைத் தொடங்குங்கள்.

பழைய செயலர்

கூட்டத்தைத் திருத்தினால் மட்டும் போதாது. இந்தச் சண்டையில் பாதி, எல்லை தெரியாததால் வருவது. மரியாயின் சேனையின் கைநூல் பொருளுதவி கொடுப்பதைத் தடை செய்கிறது. வின்சென்ட் தே பவுல் சபைக்கோ வீடு தேடிப் போய் வறியோருக்கு உதவுவதே உயிர்நாடி. ஆக, யார் எதைச் செய்வது என்பதை இரு சபைகளின் சட்டமே பாதி பிரித்துக் கொடுத்துவிட்டது. சேனையினர் ஒரு வீட்டில் மருந்துக்கு வழியில்லை என்று கண்டால், தாங்கள் பணம் திரட்டக் கிளம்பாமல், வின்சென்ட் சபைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும். செபத்துணை வேண்டும் என்று கேட்கும் வீட்டை வின்சென்ட் சபையினர் சேனைக்கு எழுதிக் கொடுக்கலாம். இளையோருக்கு மருத்துவமனைக்கு உடன் போவது, திருப்பலிக்கு அழைத்து வருவது போன்ற ஓட்டமான வேலைகள்.

சபைகளைக் கலந்து ஜோடி போடாதீர்கள். ஒற்றுமையாகத் தெரியும், நடைமுறையில் குழப்பம். சேனையினருக்குப் பணியை ஒதுக்குவது அவர்களுடைய பிரசீடியம் (சேனையின் அடிப்படைக் கிளை). அதன் அறிக்கையும் அங்கேதான் போக வேண்டும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு வீட்டுக்கும் பொறுப்பான ஓர் இணையைக் குறித்துவிடுங்கள். பதிவேடு மூன்று சபைகளுக்கும் ஒன்றுதான்: தேதி, வீடு, தேவை, அடுத்து யார் போகிறார். அதில் சபைப் பெயருக்குத் தனிக் கட்டம் வேண்டாம். ஆண்டறிக்கையில் மூவரும் ஒரே மொத்தக் கணக்கை ‘கூட்டுப் பணி’ என்று போடட்டும். வீட்டுக்காரரின் நோய், கடன், குடும்பச் சிக்கல் எதுவும் பதிவேட்டில் ஏறக் கூடாது.

ஒருங்கிணைப்பாளர் பதவிக்குக் காலவரம்பு வையுங்கள். சேனையில் அலுவலருக்கு 3 ஆண்டு, மறுமுறை ஒரு தடவை. உலகளாவிய பொதுநிலையினர் அமைப்புகளின் தலைமைப் பொறுப்புக்கு ஒரு தவணை அதிகபட்சம் 5 ஆண்டு, தொடர்ச்சியாக 10 ஆண்டுக்கு மேல் கூடாது என்று வத்திக்கான் 2021இல் ஆணையே பிறப்பித்தது. உங்களுக்கு ஓராண்டு போதும்; சபைக்குச் சபை சுழற்சியாக வரட்டும். கடைசி 2 மாதம் அடுத்தவர் கூடவே வர வேண்டும். இதை விட்டால், பழையவர் தொடர்பு எண்களையும் சாவியையும் கையில் வைத்துக்கொண்டு ‘என்னைக் கேட்காமல் ஒன்றும் நடக்காது’ என்ற நிலைக்கு வந்துவிடுவார். இதில் கெட்ட எண்ணமே தேவையில்லை, பழக்கம் போதும்.

அப்படி ‘இவர் இல்லாவிட்டால் பணி நின்றுவிடும்’ என்ற ஆள் யாராவது இருந்தால் பெனடிக்டின் 57ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். தன் கைத்திறனால் மடத்துக்கு ஆதாயம் என்று பெருமை கொள்ளும் கைவினைஞரை அந்த வேலையிலிருந்தே எடுத்துவிடச் சொல்கிறது. அவர் தாழ்ச்சி கொண்ட பிறகு, மடாதிபதி மறுபடி சொன்னால்தான் தொடரலாம். கடுமைதான். பங்கில் அவ்வளவு வேண்டாம், ஆனால் ஒருவர் 3 மாதம் ஒதுங்கி நின்றாலும் ஓடுகிற மாதிரி வேலையை அமைத்திருக்க வேண்டும்.

அறிவிப்பைப் பற்றி ஒரே வரி: சபைப் பெயர் இல்லாமல் ‘பங்கின் நோயாளர் பணி’ என்று எழுதி, அன்றைய வாசகரிடம் கொடுத்துவிடுங்கள். வின்சென்ட் சபை 1833இல் பாரிசில் தொடங்கியபோது முதல் தலைவர், நிறுவனராக எல்லோரும் சொல்லும் பிரெடெரிக் ஓசானாம் இல்லை, எம்மானுவேல் பாயி. சபைக்குத் தங்கள் பெயரையும் அவர்கள் வைக்கவில்லை.

புள்ளிக்கோடு

மேலே இருவரும் சொன்னது அமைப்புக்கு. தனி ஆளுக்கு, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ‘ஆன்மப் பயிற்சிகள்’ நூலில், எண் 24 முதல் 31 வரை வரும் ‘குறிப்பிட்ட ஆய்வு’ என்ற பயிற்சி இருக்கிறது. காலையில் எழுந்ததும் ஒரே ஒரு குறையைக் குறித்து உறுதி எடுப்பது. மதிய உணவுக்குப் பின் அதுவரை எத்தனை முறை விழுந்தோம் என்று பார்த்து, ஒரு கோட்டின் மேல் அத்தனை புள்ளி. இரவு உணவுக்குப் பின் இரண்டாம் கோட்டில் அதேபோல். இரண்டையும் ஒப்பிடுவது, பிறகு நாளோடு நாள், வாரத்தோடு வாரம்.

பலர் தோற்பது ‘அகந்தை’ என்றே எழுதிக்கொள்வதால். அதை எண்ண முடியாது. ‘அடுத்தவர் பேசி முடிக்குமுன் பேசினேன்’, ‘அந்த வேலையைச் செய்தது நான்தான் என்று கேட்காமலே சொன்னேன்’ போல எண்ணக்கூடிய ஒரு செயலை எடுங்கள். ஒரு மாதம் அதே செயல். வாராவாரம் மாற்ற வேண்டாம். புள்ளி குறைவதே பெருமையாகத் தோன்ற ஆரம்பித்தாலோ, ஒவ்வொரு புள்ளிக்கும் மனம் பதறினாலோ நோட்டை மூடிவிட்டு ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவிடம் கேளுங்கள். கூச்ச மனசாட்சி (சிறு செயலையும் பாவமோ என்று அஞ்சும் மனம்) உள்ளவருக்கு இந்தப் பயிற்சி தானாகச் செய்ய ஏற்றதல்ல.

விளக்குத்தண்டு

மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். எல்லோரும் கூடித் தெளிந்த முடிவைப் பங்குத்தந்தை வேண்டாம் என்றால்? அப்போது பேசாமல் இருப்பதுதான் தாழ்ச்சியா?

நடுவிருக்கை

இல்லை சகோ. பங்கின் மேய்ப்புப்பணிப் பேரவைக்கு (பங்குத்தந்தைக்குத் துணையாக அமையும் குழு) ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே என்கிறது திருஅவைச் சட்டம் 536. அதே தொகுப்பில் 212ஆம் சட்டத்தின் 3ஆம் பத்தி, தங்கள் அறிவுக்கும் தகுதிக்கும் ஏற்ப மேய்ப்பர்களிடம் கருத்தைச் சொல்வது உரிமை, சில வேளைகளில் கடமையும்கூட என்கிறது. மரியாதையோடும், பொதுநலனைக் கருதியும். 2024இல் வந்த மாமன்ற இறுதி ஆவணமோ, முறையாகத் தெளிந்து வந்த கருத்தைப் பொறுப்பாளர் கண்டுகொள்ளாமல் விடலாகாது என்கிறது. திருத்தூதர்களின் தலைவரான பேதுருவைப் பவுல் நேருக்கு நேர் எதிர்த்ததை கலாத்தியர் 2ஆம் அதிகாரம் மறைக்கவில்லையே.

செய்முறை இதுதான். ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: என்ன முடிவு, யாருக்குப் பயன், ஏற்காவிட்டால் எந்த வீடுகள் விடுபடும். நேரில் ஒருமுறை கொடுத்து, மறுத்தால் காரணம் கேளுங்கள். வாட்சாப் குழுவில் போடாதீர்கள், ஆயருக்கு நகல் அனுப்பி ஆரம்பிக்காதீர்கள். கையொப்பம் மூன்று சபைகளின் பெயரில் இருக்கட்டும். ‘என் யோசனை’ என்ற தொனி அங்கேயே போய்விடும்.

அதன் பிறகும் மறுப்பு என்றால், இயேசு சபையே கலைக்கப்பட்டாலும் தமக்குக் கால் மணி நேர செபம் போதும் என்று இஞ்ஞாசியார் சொன்னதை நினைத்துக்கொள்ளலாம். நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஆகும், பரவாயில்லை. கூட்டக் குறிப்பேட்டில் மறுத்த காரணத்தையும், 6 மாதம் கழித்து மறுபடி பார்க்க ஒரு தேதியையும் எழுதி வையுங்கள். அதுவரை நடப்பிலுள்ள ஏற்பாட்டையே, முணுமுணுக்காமல், அதே பதிவேட்டில் தொடருங்கள்.