ஹார்ட்விக் ஹால் போனவர்கள் உண்டா?

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் இருக்கும் இந்த மாளிகைக்குப் போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மேட்டின் மேல் ஆறு கோபுரங்கள், உச்சியில் கல்லில் செதுக்கிய ‘ஈ எஸ்’ எழுத்துகள். மாளிகையைக் கட்டிய எலிசபெத் ஷ்ரூஸ்பரியின் முதலெழுத்துகள் அவை, அதாவது பெஸ் ஆஃப் ஹார்ட்விக். கோயில் ட்யூப்லைட்டில் உபயம் எழுதுவதெல்லாம் இந்த அம்மாள் முன்னால் சும்மா. நான்காவது கணவர் இறந்த 1590-லேயே வேலை ஆரம்பம். வயது அறுபதுக்கு மேல். 1597-ல் குடிவந்துவிட்டார். வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன் என்கிறார்கள்.

கீழ்த்தளம் வேலையாட்களுக்கு, அதற்கு மேல் குடும்பத்துக்கு, உச்சி மாடி விருந்து உபசாரத்துக்கு. ஏற ஏறக் கூரையும் உயரும், ஜன்னலும் நீளும். மூட்டுவலியோடு கல் படிகளில் ஏறிய அம்மா, “இவ்வளவு உயரத்தில் யாருக்கடி சாப்பாடு போட்டாள்?” என்றார். முதலாம் எலிசபெத் ராணியை எதிர்பார்த்துக் கட்டியது என்பார்கள், ராணியோ கடைசிவரை வரவே இல்லை. சொன்னதும் அம்மாவுக்கு மூட்டுவலி மறந்து பெஸ் மேல் பரிதாபம் வந்துவிட்டது.

*

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். ‘சுவரைவிடக் கண்ணாடி அதிகம்’ என்று அந்தக் காலத்திலேயே சொல்லடை உண்டு. ஆனால் அத்தனையும் நிஜ ஜன்னல் இல்லை! வெளியிலிருந்து வரிசை பிசகாமல் தெரியவேண்டும் என்று வைத்தவை சில, பின்னால் புகைபோக்கிதான் இருக்கிறது. வெளிச்சுவரைக் கண்ணாடிக்குக் கொடுத்துவிட்டதால் கணப்புகள் பெரும்பாலும் உள்சுவர்களுக்குப் போய்விட்டன. கண்ணாடி விலையேறிய பொருளாக இருந்த காலம் அது, குளிரைவிட கௌரவம் முக்கியம் போல.

வாசலும் கவனியுங்கள். பழைய வீடுகளில் பெருங்கூடத்துக்குள் ஓரமாக நுழைவார்கள். இங்கே நட்டநடுவில் நேராக நுழைகிறோம். சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனால் இங்கிலாந்துக்கு அது புதுசு.

*

அக்கா, நீங்கள் மேல்மாடி நீள்கூடம் பார்த்தீர்களா? சுமார் 50 மீட்டர் நீளம். இவ்வளவு ஜன்னல் வைத்த வீட்டில், உள்ளே போனால் அரையிருட்டு! சுவரில் தொங்கும் திரைச்சீலைச் சித்திரங்கள் வெளுத்துவிடக் கூடாது என்று வெளிச்சத்தை மறைத்து வைத்திருக்கிறார்கள். எனக்குக் கண் பழகவே ஐந்து நிமிடம் ஆனது.

பைபிளில் வரும் கிதியோன் கதை சொல்லும் அந்த 13 திரைகளும் செகண்ட் ஹேண்ட், ராணியின் அமைச்சராக இருந்த கிறிஸ்டோபர் ஹாட்டன் வீட்டுச் சரக்கு. அவர் குடும்பச் சின்னத்தின் மேல் தன் சின்னம் வரைந்த துணியை ஒட்டவைத்த பெஸ், அந்தச் செலவுக்கென்று விலையில் 5 பவுண்டு குறைத்துக்கொண்டார். கோபுரத்தில் பெயர் போட்டவர் பேரம் பேசாமல் இருப்பாரா?