மில்லில் அரைத்த கோதுமை மாவில் பணிஸ்: மெத்தென்று வர என்ன செய்யலாம்?

மல்லாவிப்பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்ததிலிருந்து எங்கள் வீட்டில் வெள்ளை மாவைக் குறைத்துவிட்டோம். வவுனியாவில் முழுக் கோதுமை வாங்கி வந்து, சுளகில் புடைத்துக் கல் பொறுக்கி, சந்தியில் உள்ள மில்லில் அரைப்பிக்கிறோம். ரொட்டிக்கும் பிட்டுக்கும் அந்த மா திறமாக இருக்கிறது, அதில் ஒரு குறையும் இல்லை.

இப்போது இரவுச் சாப்பாட்டுக்குச் சின்னச் சின்னப் பணிஸ் போட ஆசை. தட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேகுமே, பிய்த்து எடுத்துச் சொதியில் தோய்த்துச் சாப்பிடலாமே, அந்த மாதிரி. வெள்ளை மாவுக்கு எடுக்கிற அதே அளவைத்தான் இதற்கும் எடுத்தேன். அரைக் கிலோ மா, 300 மில்லி தண்ணீர், இரண்டு தேக்கரண்டி ஈஸ்ட், கொஞ்சம் சீனி, உப்பு, மாஜரின். குழைக்கும்போது மா விறைப்பாகவே நின்றது. பொங்கியது, ஆனால் மின்சார அவனுக்குள் போனதும் மேல்பக்கம் வெடித்து, உள்ளே அடைந்துபோய்விட்டது. அடுத்த நாள் காலையில் பிய்த்தால் உதிர்கிறது. வாசம் மட்டும் கடைப் பாணில் ஒருநாளும் வராத வாசம், அதனால்தான் விட மனமில்லை. பிழை மாவிலா, மில்லிலா, என் அளவிலா? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

போறணைக்காரன்:

தங்கச்சி, கிளிநொச்சிப் பக்கம் பேக்கரியில் கனகாலம் மா குழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மாவில் பிழை இல்லை. வெள்ளை மாவின் கணக்கை இந்த மாவுக்குப் போட்டதுதான் சிக்கல்.

கடையில் வாங்கும் கோதுமை மா, மணியின் நடுப்பகுதி மட்டும். தவிடும் முளையும் ஆலையிலேயே பிரிந்துவிடும். நீங்கள் அரைப்பிக்கிற மாவில் மூன்றும் இருக்கிறது. தவிடு நிறையத் தண்ணீர் குடிக்கும், ஆனால் உடனே குடிக்காது, மெல்ல மெல்லத்தான் குடிக்கும். குழைக்கும்போது சரியாக இருப்பதுபோலத் தெரிந்த மா அரை மணி நேரத்தில் இறுகுவது அதனால்தான். நீங்கள் விட்ட தண்ணீர் 60 வீதம். வெள்ளை மாவுக்கு அது போதும். இதற்கு 75 வீதத்திலிருந்து 80 வீதம் வரை வேண்டும், அதாவது அரைக் கிலோவுக்கு 375 முதல் 400 மில்லி. பாதியைப் பாலாக விட்டால் இன்னும் மெத்தென்று வரும். முதலில் கையில் ஒட்டும், சகதி போல இருக்கும், பயந்து மா தூவ வேண்டாம். அந்த இடத்தில் மா தூவினால் பிறகு பணிஸ் அடைந்துதான் வரும்.

செய்முறை இதுதான். மாவையும் தண்ணீர், பாலையும் மட்டும் கலந்து, ஈரத் துணியால் மூடி 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். ஈஸ்ட், உப்பு, சீனி, பட்டர் எதுவும் வேண்டாம். இந்த ஊறல் நேரத்தில் தவிடு இளகும். இளகாத தவிடு கூர் விளிம்போடு மாவின் பசையை (குளூட்டனை) அறுத்துக்கொண்டே இருக்கும், காற்றைப் பிடித்து வைக்கும் சவ்வு அதனால்தான் உடைகிறது. ஊறிய பிறகு 4 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 10 கிராம் உப்பு, 35 கிராம் சீனி சேர்த்துப் பத்து நிமிடம் குழையுங்கள். 40 கிராம் பட்டரைக் கடைசியில் சேர்க்க வேண்டும். முதலிலேயே கொழுப்பைப் போட்டால் பசை சேரப் பிந்தும்.

ஈஸ்டை நீங்கள் எடுத்த அளவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்திருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். அரைத்தவுடன் பாவிக்கும் முழு மா வெள்ளை மாவைவிட வேகமாகப் புளிக்கும், ஈஸ்டுக்குத் தேவையான சத்தெல்லாம் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறதே. அதோடு வன்னி வெக்கை. வெளியே 34 பாகை அடிக்கிற மத்தியானத்தில் இரண்டு தேக்கரண்டி போட்டால் மா ஓடித்தான் போகும். தண்ணீரைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுங்கள், குழைத்த மா 25, 26 பாகையில் இருந்தால் நல்லது. இரண்டு மடங்காகும் வரை காத்திருக்கவும் கூடாது. ஒன்றரை மடங்கு வந்தாலே போதும், 60 கிராம் உருண்டைகளாகப் பிடியுங்கள், அரைக் கிலோ மாவில் பதினாறு வரும். திரும்பவும் பொங்க விட்டு, விரலால் மெல்ல அமத்திப் பாருங்கள். பள்ளம் மெதுவாக எழும்பினால் அவனுக்குள் வைக்கலாம். எழும்பாமல் அப்படியே கிடந்தால் நேரம் கடந்துவிட்டது. 185 பாகையில் 18 முதல் 22 நிமிடம். இறக்கியதும் மேலே பட்டர் தடவித் துணியால் மூடி வைத்தால் தோல் இளகிவிடும்.

நெடுங்கேணி அக்கா:

அண்ணை சொன்னது முழுக்கச் சரி, ஆனால் மில் விஷயத்தை ஒருவரும் தொடவில்லை. எங்கள் ஊர் மில்களில் ஊறவைத்த அரிசி, குரக்கன், உழுந்து, மல்லி என்று எல்லாம் அரைபடும். மிளகாய்த்தூளுக்கு வேறு மெசின் இருந்தாலும் தூசி பறந்து வந்து படியும். உங்களுக்கு முன்னால் ஒருவர் இடியப்பத்துக்கு ஊறிய அரிசி அரைத்திருந்தால் அந்த ஈர மா கல்லுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும், அது உங்கள் கோதுமையோடு கலந்து வரும். அரிசி மாவில் பசை கிடையாது, பணிஸ் பொங்குவதற்கு உதவாது. ஆகவே காலையில் மில் திறந்த கையோடு முதல் ஆளாகப் போங்கள். முதலில் ஒரு பேணி கோதுமையைப் போட்டு அரைத்து, அந்த மாவைக் கோழிக்கு வைத்துவிடுங்கள், அதற்குப் பிறகு வருவதுதான் உங்கள் மா. மில்காரரிடம் முன்கூட்டியே சொன்னால் ஒருவரும் மறுக்க மாட்டார்கள்.

அப்புறம் இன்னொன்று. கோதுமையைக் கழுவுகிறீர்களா? கழுவினால் நல்ல வெயிலில் பாயில் பரப்பி, கடித்தால் டக்கென்று உடையும் வரை காய வேண்டும். மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே ஈரம் நின்றால் மா கட்டிபட்டு வரும், இரண்டு நாளில் பூஞ்சணமும் பிடிக்கும். மாரியில் கழுவவே வேண்டாம், துணியால் துடைத்துப் புடைத்தால் போதும்.

மில்லிலிருந்து வரும் மா கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டோடு பையில் கட்டி வைத்தால் உள்ளே வியர்த்துவிடும், அந்தச் சூட்டோடு குழைத்தால் ஈஸ்டுக்கும் கேடு, 60 பாகையில் அது செத்துப் போகும். வீட்டுக்கு வந்த உடனே வெள்ளைத் துணியில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். நான் அதை அரிதட்டில் ஒருமுறை அரித்து, மேலே நிற்கும் பெருந்தவிட்டை எறியாமல், கொதிக்கிற பாலை ஊற்றி ஊறவைத்து, ஆறியதும் மாவோடு சேர்ப்பேன். தவிடு வீட்டை விட்டுப் போகவும் இல்லை, பல்லில் படவும் இல்லை. எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் இந்தப் பணிஸை விரும்பிச் சாப்பிடுகிறார்கள், அதைவிட எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

முள்ளியவளையான்:

இவ்வளவு பாடு எதற்கு? கடை வெள்ளை மா கலந்தால் பிரச்சினை முடிந்தது. பேக்கரியில் ஆட்டாப் பாண் என்று விற்பதிலும் நிறைய வெள்ளை மாதான். மூன்றில் ஒரு பங்கு மில் மாவும் இரண்டு பங்கு வெள்ளை மாவும் போட்டால் வாசமும் வரும், மெத்தென்றும் இருக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான், வருகிறவர்கள் எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

போறணைக்காரன்:

தம்பி, கலப்பது தவறில்லை, கை பழகும் வரைக்கும் அது நல்ல வழி. ஆனால் அவர் மில்லுக்குப் போவதே தகப்பனுக்காக. மூன்றில் இரண்டு பங்கு வெள்ளை மாவைப் போட்டால் அந்தக் காரணமே இல்லாமல் போகிறதே. முழு மாவிலேயே மெத்தென்று எடுக்கலாம், நான் எடுத்திருக்கிறேன், அதனால் தெம்பாகச் சொல்கிறேன்.

மாவின் பசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரைத்து இரண்டு மூன்று வாரம் காற்றுப்பட்டுக் கிடந்த மா இறுக்கமாக நிற்கும். இன்று அரைத்த மா இளகலாக ஓடும். முளையில் உள்ள சில பொருட்களும் பசையைத் தளர்த்தும். அதனால் பத்து நிமிடம் குழைத்ததோடு விட்டுவிடாமல், பொங்கும் நேரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, கையை நனைத்துக்கொண்டு மாவின் ஒரு பக்கத்தை இழுத்து மறுபக்கத்தின் மேல் மடியுங்கள். நாலு பக்கமும் மடித்தால் ஒரு சுற்று. மூன்று சுற்றில் மா கையில் நிற்கிற விதமே மாறிவிடும்.

அடுத்த நாளும் உதிராமல் இருக்க ஒரு வேலை இருக்கிறது. 25 கிராம் மாவை 125 மில்லி பாலில் கரைத்து, அடுப்பில் கிளறிக் கூழாக்கி, ஆறியதும் குழைக்கிற மாவோடு சேருங்கள். இந்த மாவும் பாலும் மொத்த அளவுக்குள்ளேதான் வர வேண்டும், மேலதிகமாக அல்ல. கூழாகிய மா தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டாம் நாளும் பணிஸ் காயாது.

மல்லாவிப்பிள்ளை:

அண்ணை, அக்கா, மிகவும் நன்றி. அரிசி அரைத்த மில் என்ற விஷயம் எனக்கு ஓடவே இல்லை, நான் போகிற நேரம் பின்னேரம், அந்த நேரம் இடியப்ப மாவுக்குத்தான் சனம் நிற்கும். இன்னும் இரண்டு கேள்வி. எங்களிடம் உள்ளது சின்ன மின்சார அவன், கரண்ட் நின்றால் வேறு வழி இருக்கிறதா? மற்றது, இந்தப் பணிஸ் அப்பாவுக்கு எத்தனை கொடுக்கலாம்?

நெடுங்கேணி அக்கா:

கரண்ட் இல்லாமல் எத்தனை வருசம் கேக் சுட்டோம்! பெரிய அலுமினியப் பானையில் மூன்று விரல் உயரத்துக்குக் காய்ந்த மணல் போட்டு, மூடி, பதினைந்து நிமிடம் சூடாக்குங்கள். மணலுக்கு மேல் ஒரு கம்பித் தாங்கி, அதற்கு மேல் பணிஸ் தட்டு. தட்டையான தகரத்தால் மூடி, அதன் மேல் சிரட்டைக் கரி பரப்புங்கள். கீழே நெருப்பைத் தணித்து மேலே கூட்ட வேண்டும், பணிஸ் அடிப்பக்கம் சீக்கிரம் கருகிவிடும். 25 முதல் 30 நிமிடம் எடுக்கும். முதல் பதினைந்து நிமிடம் மூடியைத் திறக்கக் கூடாது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் முற்றத்தில் வைத்தால் கரி ஒரு பக்கம்தான் எரியும், குசினிக்குள் வையுங்கள். அந்தக் காற்றில் பொங்க வைத்த மாவின் மேல்தோலும் காய்ந்துவிடும், உங்களுக்கு மேலே வெடித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், ஈரத் துணியை மறக்க வேண்டாம்.

வவுனியாத் தாதி:

சீனி வருத்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் கிளினிக்கில் தினமும் காண்கிற விஷயம். முழுக் கோதுமை என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நார்ச்சத்து கூட, வயிறு நிறைந்த உணர்வும் நீடிக்கும், ஆனால் மாச்சத்து மாச்சத்துதான், அதுவும் மாவாக அரைத்த பிறகு முழு மணியை அவித்துச் சாப்பிடுவதைவிட விரைவாகச் செமிக்கும். 60 கிராம் பணிஸ் ஒன்றில் ஏறத்தாழ 30 கிராம் மா இருக்கிறது. இரவில் இரண்டு, அதோடு பருப்பு, முட்டை, கீரை என்று ஏதாவது சேர்த்துக் கொடுங்கள். சொதியோடு மட்டும் வேண்டாம். சீனியை 35 கிராமிலிருந்து 10 ஆகக் குறைத்தாலும் பணிஸ் பொங்கும், நிறம் மட்டும் கொஞ்சம் வெளிறும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒருநாள் இரத்தச் சீனியைப் பார்த்தால் அவருடைய உடம்புக்கு எத்தனை சரி என்று தெரிந்துவிடும். மருந்தின் அளவை உங்கள் பாட்டில் மாற்றாதீர்கள், அதை வைத்தியரிடம் கேளுங்கள்.

மல்லாவிப்பிள்ளை:

சரி அக்கா, சீனியைக் குறைத்தே செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் ஆளாக மில்லுக்குப் போக அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஒரேயடியாக ஐந்து கிலோ அரைத்து வைக்கலாமா?

போறணைக்காரன்:

வேண்டாம் தங்கச்சி. முளையில் எண்ணெய் இருக்கிறது, அரைத்ததும் அது காற்றோடு சேர்ந்து கெடத் தொடங்கும், எங்கள் வெக்கையில் ஒரு கிழமைக்குள்ளேயே கைப்பு வரலாம். ஒரு கிழமைக்கு ஒரு கிலோ கணக்கில் அரையுங்கள். மிஞ்சினால் காற்றுப் புகாத பையில் கட்டி ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள், இரண்டு மாதம் தாங்கும். கோதுமையை மணியாக வைத்தால் மாதக்கணக்கில் ஒன்றும் ஆகாது, வண்டு வராமல் இடைக்கிடை வெயிலில் போட்டு எடுத்தால் சரி.