புதுப்பிப்பு: டீசல் ஊறிய மண் குவியல்

டேங்க் கசிந்து டீசல் ஊறிய மண்ணைத் தோண்டி, கனமான பிளாஸ்டிக் ஷீட்மேல் குவித்து, பாக்டீரியாவை வைத்தே சுத்தம் செய்கிறோம் என்று முன்பு எழுதியிருந்தேன். "யூரியா எதற்கு?" என்று கேட்டிருந்தீர்கள். டீசலில் கார்பன் ஏராளம், அதைத் தின்னும் பாக்டீரியாவுக்குத் தேவையான நைட்ரஜனும் பாஸ்பரஸும் இல்லாத குறைதான். அதனால் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றும் 100:10:1 என்ற விகிதத்தை ஒட்டி வரும்படி யூரியாவும் மற்ற உரமும் கலந்தோம். அளவு மீறினால் உப்பு ஏறி பாக்டீரியா முடங்கிவிடும்.

இப்போது மேல்மண்ணில் நெடி போய்விட்டது. நடுவில் கிளறினால் இன்னும் கருப்பாக, பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது. காற்றே போகவில்லை. துளையிட்ட குழாய்கள் செருகி ப்ளோயர் மாட்டிவிட்டோம்.

நெடி இல்லையே, இந்த மண்ணையே போட்டுத் தோண்டிய குழியை மூடுங்கள் என்கிறார் மேனேஜர். லேசான பகுதி ஆவியாகிப் போனாலும் நெடி குறையும் சார், மூக்கை நம்பி மூட முடியாது! மாதிரி லேபுக்குப் போயிருக்கிறது.